கெட்ட செய்தி சொல்லும் பாடம்

நாற்பது வயதுக்கு மேல் நான் பேசப் படித்தேன். வாய் இல்லாதவள் என்று நினைத்துவிட வேண்டாம். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு வாய் இல்லாமல் எப்படி? கூடலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசைக்குப் பெண்கள் தேவை என்று விளம்பரம் வந்திருந்தது. பன்னிரண்டாம் வகுப்பு போதும், ஆனால் பணியிடத் தகவல் தொடர்புத் திறன் என்று ஒரு சான்றிதழும் வேண்டும் என்று அதில் போட்டிருந்தார்கள். என் மகள்தான் போனில் பார்த்துச் சொன்னாள். கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்று அந்தப் படிப்பை இணையத்தில் நடத்தியது. அவளே என் பெயரைப் பதிந்தாள், அவளே என்னை நிற்க வைத்துப் போட்டோ பிடித்து ஏற்றினாள். அந்தப் போட்டோவில் நான் கொழுந்துக் காட்டிலிருந்து நேரே வந்து நிற்கிறேன். தலையில் கட்டிய துண்டைக்கூட அவிழ்க்கவில்லை.

பச்சைத் தேயிலைக்கு விலை விழுந்துகொண்டே போன வருஷங்கள் அவை. பந்தலூருக்கு உள்ளே தள்ளி எங்கள் எஸ்டேட். ஃபேக்டரி வாரத்தில் சில நாள்தான் ஓடியது. மூட்டை கட்டிய தூள் ஸ்டோரில் கூரை முட்ட அடுக்கிக் கிடந்தது. குன்னூர் ஏலத்தில் கேட்க நாதியில்லை என்றார்கள். சம்பளம் பாதி கைக்கு வரும், மீதி வரும்போது வரும். கவாத்து வெட்ட ஆள் போடாததால் மேல்காட்டுச் செடிகள் மரமாக வளர்ந்து நின்றன. உள்ளே யானை நின்றாலும் தெரியாது.

நான் கொழுந்து எடுக்கிறவள், என் வீட்டுக்காரர் ஃபேக்டரியில் தூள் காய வைக்கிற டிரையரில் வேலை. வீடு எஸ்டேட்டுடையது. எஸ்டேட்டில் வேலை இருக்கும்வரை வீடு, வேலை போனால் வீடும் போகும். இலங்கையிலிருந்து வந்து இறங்கிய என் அப்பா அம்மா காலத்திலிருந்து இதுதான் கணக்கு. மகள் அப்போது பிளஸ் டூ. மார்ச்சில் பரீட்சை. அதுவரை இந்த வீடு நின்றால் போதும் என்பதுதான் எங்கள் இரண்டு பேருடைய ஒரே வேண்டுதல். அதற்கு மேல் பிள்ளையாரிடம்கூட நாங்கள் எதுவும் கேட்கவில்லை. ஒருவேளை அதற்குள் ஃபேக்டரி மூடிவிட்டால், ஆஸ்பத்திரி வேலையை வைத்துக் கூடலூரில் ஒரு அறை பிடித்துப் பிள்ளையைப் படிக்க வைக்கலாம். நான் படித்தது அதற்காக. ஆனால் பிள்ளைக்கு இந்தப் பயம் தெரியக் கூடாது, பரீட்சை முடியட்டும் என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். மகளோ, அம்மா முன்னேறத்தான் படிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அப்படித்தான் நாங்கள் நம்பினோம்.

பேச வேண்டியதை எல்லாம் குசுகுசுவென்றுதான் பேசுவோம். லயத்தில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் இருக்கிற சுவர் கூரைவரை போகாது. மேலே ஒரு முழம் திறந்தே கிடக்கும். சுவருக்குக் காது உண்டு என்று ஊரில் சொல்வார்கள், எங்கள் சுவருக்கு வாயும் உண்டு. பக்கத்து வீட்டில் மிளகாய் வறுத்தால் நாங்கள் தும்முவோம். அதனால் சொந்த விஷயத்தைத் தாழ்ந்த குரலில் பேசுவதும், சத்தமாக வருவதைக் காது கொடுத்துக் கேட்பதும் எங்கள் பழக்கம். சத்தமாகச் சொன்னால் அது எல்லோருக்குமானது.

படிப்பு சாயங்காலத்தில். வீட்டில் போன் பேசலாம், நெட் கிடைக்காது. பஸ் நிற்கிற வளைவுக்கு ஏறிப் போனால்தான் கிடைக்கும். அங்கே போய்ப் பாடங்களை இறக்கிக்கொண்டு, இருட்டுவதற்குள் திரும்பிவிடுவேன். வீட்டில் வந்து பார்ப்பேன். நீலக் கோட்டுப் போட்ட ஒரு டீச்சரம்மா சிரித்தபடியே வந்து, எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்துப் பேசுங்கள் என்பார். மானேஜரின் கண்ணைப் பார்த்துப் பேசினால் ‘என்ன, மொறைக்கிற?’ என்று கேட்கிற இடத்தில் இருந்துகொண்டு நான் தலையாட்டுவேன். கையைக் கட்டிக்கொண்டு நிற்காதீர்கள் என்பார். அந்தக் குளிரில் கையைக் கட்டாமல் நின்று பார்க்கட்டும் அவர்.

ஒரே ஒரு பாடம்தான் எனக்கு முன்னமே தெரிந்ததாக இருந்தது. மற்றவர் சொன்னதைக் கேட்டு, அதை உங்கள் வாயால் திருப்பிச் சொல்லுங்கள், அப்போதுதான் சரியாகப் புரிந்ததா என்று இருவருக்கும் தெரியும் என்றது அந்தப் பாடம். எங்கள் எஸ்டேட் முழுக்க அப்படித்தான் ஓடுகிறது. காலையில் பெரட்டு நடக்கும். பெரட்டு என்றால், ஆட்களைக் கூட்டி இன்றைக்கு யாருக்கு எந்தக் காட்டில் வேலை என்று பிரித்து அனுப்புவது. மானேஜர் அங்கே வந்தால் நேரடியாக எங்களிடம் எதுவும் பேச மாட்டார். கண்டாக்கு என்று நாங்கள் சொல்கிற மேற்பார்வையாளரிடம் சொல்வார். கண்டாக்கு அதைத் திருப்பி எங்களுக்குச் சொல்வார். வெள்ளைக்காரத் துரைக்குத் தமிழ் தெரியாத காலத்தில் உண்டான ஏற்பாடு. இப்போதைய மானேஜர் உடுமலைப் பக்கத்துக்காரர், எங்களைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். ஆனாலும் நடுவில் ஒரு வாய் வேண்டும். அந்த வாய்க்கும் ஒரு சட்டம் உண்டு. மேலே இருப்பவர் சொன்னதைத்தான் சொல்லலாம், சொந்தமாக ஒரு வார்த்தை சேர்க்கக் கூடாது.

ஒவ்வொரு பாடம் முடிந்ததும் ஐந்து முகங்கள் வரும். அழுகிற முகத்திலிருந்து பல்லைக் காட்டுகிற முகம்வரை. இன்று உங்கள் மனநிலை என்ன, தொடுங்கள் என்று கேட்கும். நான் நடுவில் இருக்கிற, வாய் நேர்கோடாக இருக்கிற முகத்தைத் தொடுவேன். ‘எல்லா நாளும் இதையே தொடுறியேம்மா’ என்று மகள் சிரிப்பாள். வேறு எதைத் தொட? அந்த வருஷம் எனக்குச் சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. நாளெல்லாம் கத்திரி பிடித்துக் கொழுந்து வெட்டினால் சாயங்காலம் கை மரத்துப் போகும், கிள்ளினாலும் தெரியாது. மனசும் அப்படித்தான் கிடந்தது. சோறு ருசிக்கிறதா என்று தெரியாமல் தின்றேன், தூக்கம் வருகிறதா என்று தெரியாமல் படுத்தேன்.

படிப்பு முடிகிற சமயத்தில் ஒரு செய்முறை கொடுத்தார்கள். பணியாளர் ஒருவருக்குக் கெட்ட செய்தி சொல்ல வேண்டும். நீங்கள் அதிகாரி, இன்னொருவர் பணியாளராக நடிக்கட்டும், பேசுவதைப் பதிவு செய்து அனுப்புங்கள். தமிழிலேயே பேசலாம் என்று சலுகை வேறு. எப்படிச் சொல்ல வேண்டும் என்பதற்கும் முறை இருந்தது. முதலில் பணியாளரைப் பாராட்டி இரண்டு வார்த்தை. பிறகு காரணம். பிறகு செய்தி. கடைசியில் ஆறுதல். மாதிரிக்குப் பெங்களூர்க் கம்பெனி ஒன்றில் ஏதோ புராஜெக்டை நிறுத்துவதாக ஒருவர் பேசிக் காட்டினார். புராஜெக்டைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். புராஜெக்ட் என்று வந்த இடத்தில் எல்லாம் ஃபேக்டரி என்று போட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகள் சிறப்பு வகுப்புக்குப் போயிருந்தாள். வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்து ரப்பர் பூட்ஸின் கிழிசலுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார்.

‘ஏங்க, கொஞ்சம் வேலக்காரனா நடிங்க’ என்றேன்.

‘இத்தன வருசமா வேற என்ன செய்யுறேனாம்?’ என்றார் அவர்.

போனைத் தகர டிரங்குப் பெட்டிமேல் நிறுத்தி வைத்தேன். தெளிவாக, உரக்க, இடைவெளி விட்டுப் பேச வேண்டும் என்று நீலக் கோட்டு டீச்சரம்மா சொன்னது நினைவில் இருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்து, அவருடைய குரலிலேயே ஆரம்பித்தேன். ‘வணக்கம். நீங்கள் பல ஆண்டுகளாக நம் நிறுவனத்துக்கு மிகச் சிறப்பாக உழைத்து வருகிறீர்கள். அதற்கு நன்றி. தேயிலை விலை வீழ்ச்சியால் நிறுவனம் தொடர்ந்து நஷ்டத்தில் உள்ளது. எனவே அடுத்த மாதத்திலிருந்து நம் ஃபேக்டரியை நிரந்தரமாக மூடுவது என்று முடிவு செய்திருக்கிறோம்.’

‘சரிங்க மேடம்’ என்றார் வீட்டுக்காரர்.

அவ்வளவுதான். மேலே பேசவில்லை. பாதியில் நிறுத்தி, இப்படிச் சொன்னால் மார்க் போட மாட்டார்கள், ஏதாவது கேளுங்கள் என்றேன். மறுபடி முதலிலிருந்து அத்தனையையும் உரக்கச் சொன்னேன். இந்த முறை அவர் பூட்ஸைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

‘ஊட்ட எப்பங்க காலி பண்ணணும்?’ என்று கேட்டார்.

அது நடிப்பு இல்லை. இத்தனை மாதமாக யாரிடமும் கேட்க முடியாததை அவர் என்னிடம் கேட்டார். கேட்டவரின் குரல் உடைந்திருந்தது, எனக்கு அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. ‘அது பற்றி மேலிடத்தில் பேசி விரைவில் தெரிவிப்போம். உங்கள் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள்’ என்று சொல்லி முடித்தேன். பக்கத்து வீட்டில் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது. பூனையாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

பூனை இல்லை. பக்கத்து வீட்டு அக்காதான். என்னோடு ஒரே காட்டில் கொழுந்து எடுக்கிறவள், என்னைவிட மூத்தவள், நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து நிற்கிறவள். சாதாரணமாக அவள் வெறும் வாயையே நன்றாக மெல்லுவாள், அன்றைக்கு அவலே கிடைத்துவிட்டது. அவள் காதில் விழுந்தது என் குரல் இல்லை. ‘நிரந்தரமாக’, ‘முடிவு செய்திருக்கிறோம்’ என்று புத்தகத் தமிழில் லயத்தில் யார் பேசுவார்கள்? அதுவும் அத்தனை சத்தமாக? ஹெட் ஆபீஸிலிருந்து யாரோ ஒரு மேடம் போன் போட்டு, ஸ்பீக்கரில் ஃபேக்டரி ஆளிடம் பேசுகிறாள், அவனும் சரிங்க மேடம் என்கிறான், வீட்டைப் பற்றிக்கூடக் கேட்டுவிட்டான் என்று அவள் எடுத்துக்கொண்டாள். எங்களிடம் வந்து கேட்கவும் இல்லை. செய்தி முதலில் வந்த வீடு என்பதால் எங்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று இருந்தாளாம். ஆனால் தண்ணீர்க் குழாயடிக்குப் போனாள். பிள்ளைகளை விலக்கி வைத்துவிட்டுப் பெரியவர்கள் எல்லோருக்கும் சொன்னாள்.

மறுநாள் காலையில் மகள் முதல் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். நாங்கள் பெரட்டுக் களத்துக்குப் போனபோது யார் கையிலும் கத்திரி இல்லை, யார் முதுகிலும் பை இல்லை. ஃபேக்டரி ஆட்களும் அங்கேயே நின்றார்கள். கண்டாக்கு போன் போட்டு, மானேஜரின் ஜீப் வந்தது. அக்கா முன்னால் நின்றாள். கண்டாக்கைப் பார்த்துத்தான் கேட்டாள்.

‘ஹெட் ஆபீஸ் மேடம் போன்ல ஃபேக்டரிய மூடப்போறதாச் சொன்னாகளாமே. உண்மையான்னு தொரகிட்ட கேளுங்க.’

எனக்கும் வீட்டுக்காரருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், ‘சார், அந்த மேடம் நாந்தாங்க’ என்றேன்.

மானேஜர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கோர்ஸைப் பற்றி, செய்முறையைப் பற்றி, சுவரைப் பற்றி எல்லாம் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நின்றிருந்த மூச்சும் திரும்பி வந்தது. அதை நான் பார்த்தேன். ‘நல்லாப் படிச்ச போ. இவங்களுக்கு நீயே சொல்லிடும்மா’ என்றார். கண்டாக்குக்கு முகம் சுருங்கியது, ஆனாலும் நகர்ந்து இடம் விட்டார். அவர் நிற்கிற கல்படியில் நான் ஏறி நின்றேன்.

சொன்னேன். போனில் பதிந்திருந்ததைச் சத்தமாகப் போட்டுக் காட்டினேன். நீலக் கோட்டுக் குரலில் நான் பேசியதைக் கேட்டு முதலில் சின்னப் பெண்கள் சிரித்தார்கள், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். ‘ஊட்ட எப்பங்க காலி பண்ணணும்?’ என்று வீட்டுக்காரர் கேட்கிற இடம் வந்ததும், ‘அண்ணனுக்கு நடிக்கவும் வருதே’ என்று யாரோ கத்தினார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, ‘அடி பாவி, ராவெல்லாம் கண்ண மூட விடலியே’ என்று என்னைத் திட்டினாள். கத்திரியை எடுத்து வர ஆட்கள் திரும்பினார்கள். அதோடு முடிந்திருக்க வேண்டியது.

அக்கா மட்டும் நகரவில்லை. ‘செரி, அது பாடம். அப்ப மூட மாட்டாகல்ல? அதையும் உன் வாயால சொல்லிடு புள்ள, நிம்மதியாப் போறோம்’ என்றாள்.

திரும்பினவர்கள் நின்றார்கள். மானேஜர் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார், சொல்லு என்பது போல. நான் கல்படியில் நிற்கிறேன். அந்தக் கல்படியில் நிற்கிறவர் சொந்தமாக எதுவும் சொல்லக் கூடாது. எனக்கு அது மட்டும்தான் தோன்றியது. தைரியமாகக் கேட்டேன் என்று பிறகு பலர் சொன்னார்கள். தைரியமும் இல்லை, மண்ணும் இல்லை. கண்டாக்கு தினமும் செய்வதைத்தான் செய்தேன். மானேஜர் பக்கம் திரும்பி, ‘நீங்க சொல்லுங்க சார், நான் திருப்பிச் சொல்றேன்’ என்றேன்.

அவர் பேசவில்லை.

எதிரில் இருப்பவர் யோசித்தால் அவசரப்படுத்தாதீர்கள், காத்திருங்கள் என்று பாடத்தில் உண்டு. காத்திருந்தேன். அவர் போனை எடுத்துப் பார்த்தார். போனில் ஒன்றும் இல்லை, அது அடிக்கவே இல்லை. ஜீப்பைப் பார்த்தார். அவர் கண்ணைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முறைக்கவில்லை, அவர் என்ன சொல்வார் என்று பார்த்தேன்.

‘டைம் ஆச்சு. வேலைக்குப் போகச் சொல்லு’ என்றார்.

நான் கூட்டத்தின் பக்கம் திரும்பினேன். ‘நேரமாச்சாம். வேலைக்குப் போகச் சொல்றாங்க’ என்றேன்.

ஒருவரும் கூச்சல் போடவில்லை. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிட்டது. அது பூதம்தான் என்று எல்லோருக்கும் தெரிந்தது. கடைசியில் அக்காதான் துண்டை உதறித் தலையில் கட்டினாள். ‘வாங்கடி. இன்னைக்குப் பேராவது போடட்டும்’ என்றாள். பேர் என்றால் அன்றைய வேலைக் கணக்கு. கத்திரியை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனோம்.

மத்தியானம் கொழுந்து நிறுக்கிற இடத்துக்குக் கண்டாக்கு வந்தார். இப்போது அவருக்குச் சொல்ல அனுமதி கிடைத்திருந்தது. கம்பெனியில் முன்பே முடிவாகிவிட்டது, அறிவிப்பதைத்தான் தள்ளிப் போட்டிருந்தார்கள். இந்தச் சீசனோடு ஃபேக்டரி நிற்கும். எங்கள் டிவிஷனையும், அதாவது எங்கள் பகுதிக் காட்டையும், விட்டுவிடுகிறார்கள். பொங்கலுக்குள் லயத்தைக் காலி செய்ய வேண்டும். அவர் பாராட்டவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. தராசைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

பொங்கல் ஜனவரியில், பரீட்சை மார்ச்சில். நான் கேட்டுக்கொண்டேன். கொழுந்துப் பையைத் தராசுக் கொக்கியில் மாட்டினேன், நிறுத்தார்கள், கழற்றினேன்.

மறுபடி காட்டுக்கு ஏறும்போது அக்கா என் பக்கத்தில் நடந்தாள். பிறகு, ‘நீ அவரக் கேக்காம இருந்திருந்தா, இன்னும் கொஞ்ச நாளு நல்லாத்தான் இருந்திருப்போம்’ என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. உண்மை தெரிந்தது நல்லதுதானே என்று யாராவது சொன்னால் இப்போதும் எனக்கு அக்காவின் பக்கம்தான் பேசத் தோன்றும். தெரிந்து என்ன செய்தோம்? பொங்கல்வரை தூங்காமல் கிடந்தோம்.

வேலை விட்டதும் வீட்டுக்காரர் ஃபேக்டரி வாசலில் எனக்காக நின்றிருந்தார்.

‘புள்ளைக்கு இப்ப தெரிய வேணாம். பரீட்ச முடியட்டும்’ என்றார்.

‘பொங்கலுக்கு ஊட்டக் காலி பண்ணிட்டு, பரீட்ச முடியட்டும்னா எப்பிடிங்க?’

அவர் யோசித்தார். ‘பொங்கல் வரட்டும், பாத்துக்கலாம்’ என்றார். எனக்கும் அதுவே சுலபமாகப் பட்டது. அவர் வீட்டுக்கு இறங்கினார், நான் வளைவுக்கு ஏறினேன். செய்முறையை அனுப்ப அன்றைக்குத்தான் கடைசி நாள்.

வளைவில் பஸ் நிற்கிற கல்திட்டில் உட்கார்ந்து பதிவை ஏற்றினேன். அது மெல்ல மெல்லத்தான் ஏறும். பாதி போய் நிற்கும், போனைத் தூக்கிப் பிடித்தால் மறுபடி நகரும். முடிந்ததும் அந்த ஐந்து முகங்கள் வந்தன. எதையும் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது.

மகள் இறங்கினாள். மத்தியானத்துக்கு மேல் பந்தலூர்ச் சந்தைக்குப் போனவர்களும் அதே பஸ்ஸில்தான் வந்தார்கள். அவர்கள் என்னைப் பார்த்தும் பார்க்காதது போல லயத்துப் பாதையில் இறங்கினார்கள். மகள் மட்டும் என் எதிரில் வந்து நின்றாள். புத்தகப் பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை.

‘பஸ்ல எல்லாம் சொன்னாங்க. நீ படியில ஏறி நின்னது, சார் ஒண்ணும் சொல்லாதது, எல்லாம்’ என்றாள்.

‘வா, ஊட்டுக்குப் போயிப் பேசுவோம். யான வர்ற நேரம்’ என்றேன்.

‘எத்தன நாளாம்மா தெரியும் உங்களுக்கு?’

‘இன்னைக்குத்தான் பாப்பா தெரியும்.’

‘பயம்?’

‘அது ரொம்ப நாளா.’

‘எனக்கும் ரொம்ப நாளா’ என்றாள் மகள். ‘நீயும் அப்பாவும் குசுகுசுன்னு பேசறது பக்கத்துல படுத்திருக்கிற எனக்குக் கேக்காதுன்னு நெனச்சீங்களா? அந்தக் கோர்ஸக்கூட நான் எதுக்குத் தேடினேன்? நீங்களாச் சொல்வீங்க சொல்வீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். இன்னைக்கு ஊருக்கெல்லாம் சொல்லியிருக்க. என்கிட்டச் சொல்லு இப்ப.’

‘பாப்பா, நீ எவ்வளவு நல்லாப் படிக்கிற புள்ள…’ என்று ஆரம்பித்தேன்.

‘அது வேணாம்மா’ என்றாள். ‘சும்மா சொல்லு.’

அவளைப் பார்த்தேன். காலையில் நான் பின்னி விட்ட சடை, ஒரு பக்கம் ரிப்பன் அவிழ்ந்திருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

‘ஊடு போச்சு’ என்றேன். ‘பொங்கலோட போகுது. பரீட்சைவரைக்கும் எப்பிடியாவது வச்சிருக்கணும்னு பாத்தோம் பாப்பா. முடியல.’

மகள் அழுதாள். பையோடு அப்படியே என் மடியில் சரிந்து அழுதாள். அவளுடைய கண்ணீர் என் கையில் விழுந்தது, சுட்டது. ரொம்ப நாளைக்குப் பிறகு எனக்கு ஒன்று சுட்டது. நானும் அழுதேன்.